ஆபீஸில் யாரும் கேட்காத ஒரு கேள்வி

வினய் என்னை ‘மாமி’ என்று கூப்பிட்டால் அவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். மீட்டிங்கில் நான் ‘மிசஸ் சூடாமணி’. நாங்கள் குடியிருக்கும் கரமனையில் அவன் அம்மாவும் நானும் ஒரே பாட்டு கிளாஸ். ஆனால் ஆஸ்பத்திரியில் அவன்தான் எங்கள் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு மானேஜர். அதனால் வாயில் ‘சார்’, மனசில் ‘அவன்’.

போன மாதம் ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்தான். கையில் இன்டர்நெட்டிலிருந்து பிரின்ட் எடுத்த ஒரு தாள். புதுப்பிப்பதற்கும் திருத்துவதற்கும் மேம்படுத்துவதற்கும் இங்கிலீஷில் எத்தனை வினைச்சொல் உண்டோ அத்தனையும் அதில் இருந்தது. ரிவாம்ப், ஓவர்ஹால், ரிஃபர்பிஷ், ரெஸ்டோர் என்று இரண்டு பத்தி முழுக்க.

“மாமி, என்னோட அப்ரைசல் ரிப்போர்ட் எழுதணும். உங்க இங்கிலீஷ் நன்னா இருக்கும். ஒவ்வொரு பாயின்டும் இதுல இருக்கற ஒரு வெர்ப்ல ஆரம்பிக்கணும். ஒரே வெர்ப் ரெண்டு தடவை வரப்படாது.”

“என்ன பண்ணினதா எழுதணும் சார்?”

“இந்த வருஷம் ரெக்கார்ட்ஸ்ல நடந்தது எல்லாம்தான்.”

நடந்ததாம். தானாகவே நடந்துவிட்ட மாதிரி. செய்தது யார் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானும், என்னோடு ரெக்கார்ட்ஸில் இருக்கும் ஷிஜாவும் பதினோரு மாத கான்ட்ராக்டில் இருப்பவர்கள். அது ரின்யூ ஆக அவன் கையெழுத்து வேண்டும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இங்கிலீஷ் இலக்கியத்தில் பி.ஏ. முடித்து இருபத்தைந்து வருஷத்தில், என் இங்கிலீஷைத் தேடி வந்த முதல் ஆள் அவன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

செய்தது ஷிஜா. இங்கே வரும் முன் பதினோரு வருஷம் கட்டட வேலையில் சித்தாளாகச் சிமென்ட் சட்டி சுமந்தவள். நிழலில் நின்று செய்யும் வேலை அவளுக்கு இதுதான் முதல் தடவை. வந்த புதிதில் ராக்குகளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “சேச்சி, புது ஃபைலெல்லாம் கடைசி ராக்குலயே குவியுது. மொதல் ராக்கு பாதி காலி. பாரத்த ஒரு மூலையில ஏத்துனா எப்பிடி? ஃபைல் நம்பரோட கடைசி ரெண்டு எண்ணப் பாத்து அடுக்குனா எல்லா ராக்குலயும் பரவலா நிக்கும்.”

நாற்பதாயிரம் ஃபைலை இறக்கி, மறுபடி ஏற்றினாள். நானும் கூட நின்றேன், ஆனால் ஏணியில் ஏறியது அவள். இதற்கு நான் ‘ஓவர்ஹால்’ போட்டேன். மழையில் கூரை ஒழுகி நனைந்த கட்டுகளைத் தாள் தாளாகப் பிரித்து ஃபேனுக்கடியில் காய வைத்தாள், அது ‘ரெஸ்டோர்’. துருப்பிடித்த ராக்குகளைச் சுரண்டி, வீட்டிலிருந்து பிரஷ் கொண்டுவந்து பெயின்ட் அடித்தாள், அது ‘ரிஃபர்பிஷ்’. எல்லாவற்றுக்கும் முன்னால் ‘நான்’. அந்த நான், வினய்.

ஒன்பதாவது பாயின்டுக்கு ‘ஸ்ட்ரீம்லைன்’ மிச்சமிருந்தது, ஆனால் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. வாக்கியம் அழகாக முடியட்டும் என்று, இரண்டு பேர் செய்த வேலையை இப்போது ஒருவரே செய்யலாம் என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்து எனக்கே ஒரு சந்தோஷம் வேறு.

நேற்று வினய் சிரித்துக்கொண்டே வந்தான். “மாமி, உங்க கான்ட்ராக்ட் ரின்யூ ஆயிடுத்து. ஷிஜாவுக்கு நாளையோட முடியறது. ஒராள் போதும்னு நம்ம ரிப்போர்ட்லயே இருக்கே, அதை வெச்சு ஹெச்.ஆர். போஸ்டை எடுத்துட்டா.”

“சார், அது நான் சும்மா வார்த்தைக்கு எழுதினது. நிஜமில்லை. அந்தப் பொண்ணு இல்லாம இங்க ஒரு ஃபைல் நகராது.”

“சப்மிட் பண்ணினதை எப்படி மாமி மாத்தறது? உங்களுக்குத்தான் ஆயிடுத்தே. அப்பறம் என்ன?”

அப்புறம் என்னவாம். ராத்திரி முழுக்க அவனைத் திட்டினேன், அதைவிட அதிகமாக என்னைத் திட்டிக்கொண்டேன். காலையில் ஷிஜாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அந்த வரியை எழுதியது நான் என்பதையும் சேர்த்து. அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “அப்ப மறுபடி சிமென்ட் சட்டிதானா சேச்சி?” என்று மட்டும் கேட்டாள்.

பதினோரு மணிக்கு மெடிக்கல் டைரக்டர் டாக்டர் தங்கபாய் வந்தார். எந்தப் பழைய ஃபைலையும் நாலு நிமிஷத்தில் எடுக்கலாம் என்று ரிப்போர்ட்டில் இருந்ததை நேரில் பார்க்க வேண்டுமாம். பக்கத்தில் வினய், புதுச் சட்டையில். டாக்டர் ஒரு நம்பர் சொன்னார்: நாலு, ஒன்று, ஏழு, இரண்டு, மூன்று, எட்டு.

“மிசஸ் சூடாமணி, எடுத்துக் காட்டுங்கோ” என்றான்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “இதையெல்லாம் சார்தான் பண்ணினார்னு ரிப்போர்ட்ல இருக்கு. சாரே எடுத்துக் காட்டட்டும்.”

அவன் முகம் சிவந்தது. ஆனால் டாக்டர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வினய் நேரே நாற்பத்தொன்று என்று எழுதிய ராக்குக்குப் போனான். அது நாற்பத்தொன்றில் முடியும் ஃபைல்களுக்கான ராக் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக இந்த அறைக்கு மானேஜர்! மேல் தட்டைத் தேடினான், கீழ்த் தட்டைத் தேடினான், ஒரு கட்டைக் கீழே தள்ளினான். ஒன்பது நிமிஷம் ஆயிற்று.

கதவோரம் நின்றிருந்த ஷிஜாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “சார், அது அங்க காணாது” என்று முப்பத்தெட்டாம் ராக்கில் ஏணியைச் சாய்த்து ஏறினாள். இறங்கும்போது கையில் ஃபைல்.

“இப்பிடி அடுக்குனது யாரு?” என்று டாக்டர் கேட்டார்.

“ஷிஜாதான், மேடம்” என்றேன். “யோசனை அவளோடது, உழைப்பும் அவளோடது. ரிப்போர்ட்டை சார் சொல்லி எழுதினது நான். ஒராள் போதும்னு எழுதினது பொய். அந்தப் பொய்யால இவளுக்கு இன்னிக்குக் கடைசி நாள். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்கோ.”

வினய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். டாக்டர் அவன் பக்கம் திரும்பாமலேயே கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு ஷிஜாவின் தோளைத் தட்டி, பிரமாதம், எக்ஸலென்ட், இவ்வளவு நல்ல சிஸ்டம் பெரிய ஆஸ்பத்திரிகளில்கூடப் பார்த்ததில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார்.

ஷிஜா அசையவில்லை. “மேடம், வார்த்தை எல்லாம் அந்த ரிப்போர்ட்டுலயே நெறைய கெடக்கு. எனக்கு நாளைக்கு வேல உண்டா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

“உண்டு” என்றார் டாக்டர். ஃபைலுக்காகக் கையை நீட்டினார்.

“எழுதித் தாங்க” என்றாள் ஷிஜா.

டாக்டர் என் மேஜையில் குனிந்து எழுத ஆரம்பித்தார். பதினோரு மாதம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு முடிக்கும்வரை ஷிஜா அந்த ஃபைலைக் கையிலிருந்து விடவில்லை.