ஒட்டிக்கொண்ட வளையம்

என் கணவரும் என் தம்பியும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒருவருக்கொருவர் சொல்வதற்கு மட்டும் தினமும் ஏதாவது இருந்தது. அதனால் நடுவில் நான் தபால்காரியானேன். சம்பளமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

எல்லாம் என் காரால் வந்தது. இருபத்து மூன்று வருடத்துக் கார். தம்பி ஒருநாள் அதைப் பின்னால் எடுக்கும்போது கார் நிறுத்தும் இடத்துத் தூணில் இடித்துவிட்டு, பிரேக் பிடிக்கவில்லை என்றான். முந்தின வாரம்தான் அந்த பிரேக்கை என் கணவர் சரிபார்த்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக்கு ஆளை ஏற்றி இறக்குகிற என் வேலையையா குறை சொல்கிறான் என்று அவர் குதித்தார். தம்பி பஸ் டிரைவர். ஐம்பது பேரை உட்கார வைத்து ஓட்டுகிற என்னையா ஓட்டத் தெரியாதவன் என்கிறார் என்று அவன் குதித்தான். தூண் மட்டும் அசையாமல் நின்றது.

தம்பி எங்களுக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிறான். மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்துபோவார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "உன் தம்பிகிட்ட சொல்லு" என்று ஒருவர் ஆரம்பிப்பார், "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்று இன்னொருவன் ஆரம்பிப்பான். இரண்டிலும் பாதி விஷயம், பாதி ஏச்சு. ஏச்சை வெட்டிவிட்டு விஷயத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். நான் திரைச்சீலை தைப்பவள், வெட்டுவது எனக்குக் கைவந்த கலை. என்னால்தான் இந்த வீட்டில் அடிதடி நடக்கவில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கார் இல்லாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை. ஏணி கூரைமேல், கம்பிகள் முன் சீட்டிலிருந்து பின் கண்ணாடி வரை, துணி மூட்டை பின்னால். வீடு வீடாகப் போய் அளவெடுத்து, தைத்து, மாட்டிக் கொடுத்து வருவேன். அந்தக் காருக்குத்தான் ஆபத்து வந்தது. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மா கார் நிறுத்தும் இடத்தில் வெள்ளை டைல்ஸ் போட்டார். மறுநாள் காலையில் அதில் கறுப்பாக ஒரு சொட்டு, அடுத்த நாள் இரண்டு. ஆயில் ஃபில்டர் கசிகிறது என்றார் என் கணவர். தம்பியும் அதையேதான் சொன்னான், ஆனால் தனியாக. ஞாயிற்றுக்கிழமைக்குமேல் ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று ஓனரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. அப்படியானால் விற்றுவிடலாம் என்று என் கணவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்.

ஃபில்டர் வாங்க ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டிலும் வேறு வேறு எண். அவன் எழுதியதை வாங்கினால் இன்ஜின் போய்விடும் என்று இவர், இவர் எழுதியதை வாங்கினால் இன்ஜினே போய்விடும் என்று அவன். உதிரி பாகக் கடைக்காரர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து, தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். இரண்டு கம்பெனியின் எண்களாம், பொருள் ஒன்றேதானாம். அதைவிட மலிவாக, குட்டையாக ஒன்றையும் எடுத்துக் காட்டினார். அதன் மரையும் இந்தக் காருக்குச் சேரும், ஆனால் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம் ஒரு நூல் சின்னது. "மாட்டிக்கும்மா, ஆனா பிடிச்சுக்காது" என்றார். சரியானதையே வாங்கினேன். நாலு லிட்டர் ஆயிலும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் அவர் எண்ணைத்தான் வாங்கினேன் என்றேன், தம்பியிடம் அவன் எண்ணைத்தான் வாங்கினேன் என்றேன். இரண்டும் பொய் இல்லையே.

வேலையையும் பாதிப் பாதியாகப் பிரித்தேன். பழையதைக் கழற்றுவது தம்பி, புதியதை மாட்டுவது கணவர். யாரும் யாரிடமும் தலைக்கனம் காட்ட முடியாது. ஞாயிறு காலை தம்பி காருக்கு அடியில் படுத்து, பழைய ஆயிலைத் தட்டில் இறக்கிவிட்டு, தன் தோல் பெல்ட்டையே ஃபில்டரில் சுற்றி இழுத்தான். முனகிக்கொண்டு சுழன்று வந்தது. அந்த நேரம் பார்த்து, அவசர வேலைக்குப் போயிருந்த என் கணவரின் ஸ்கூட்டர் கேட்டுக்குள் நுழைந்தது. தம்பி விருட்டென்று எழுந்துவிட்டான். படியேறும்போது என்னிடம் சொன்னான்.

"அந்தப் பெரிய இன்ஜினியர்கிட்ட சொல்லு, பழைய ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிட்டிருக்கு. கண்ணு தெரிஞ்சா பிச்சு எடுத்துட்டு மாட்டச் சொல்லு."

இன்ஜினியர், கண் தெரிந்தால். இரண்டும் ஏச்சு, மனதுக்குள் கத்தரியை எடுத்தேன். "தம்பி கழட்டிட்டானாம், நீங்க மாட்டலாமாம்" என்று என் கணவரிடம் சொன்னேன்.

ஃபில்டர் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. கையைப் பின்னால் விட்டு, தடவித்தான் மாட்ட வேண்டும். புது வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவி, கையால் இறுக்கி, மேலே மூன்றரை லிட்டர் ஊற்றினார். நாளைக்கு மாட்ட வேண்டிய க்ரீம் நிறத் திரைச்சீலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். தம்பி மேலே வராந்தாவிலிருந்து வேடிக்கை பார்த்தான். கணவர் சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் உறுமிய மறுநொடி அடியிலிருந்து ஆயில் பீய்ச்சி அடித்தது. என் கணவர் எதுவும் தெரியாமல் ஆக்சிலரேட்டரை வேறு மிதித்தார்.

"மாமா, ஆஃப் பண்ணுங்க!"

எட்டு மாதத்துக்குப் பிறகு தம்பி அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் ஆஃப் செய்வதற்குள் அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துவிட்டான். ஆயில் டைல்ஸில் பரவிக்கொண்டே போனது. தோளில் இருந்ததை உருவிப் போட்டுத் துடைத்தேன். மூன்று நாள் தையல் கறுப்பாகிப்போனது. அதற்குள் கணவர் ஃபில்டரைக் கழற்றிவிட்டார். புது வளையம் அதில் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பழைய வளையமும் இன்ஜினோடு இன்ஜினாக அப்பிக்கொண்டு இருந்தது. வளையத்தின்மேல் வளையம். பிடிப்பு எங்கிருந்து வரும்?

"சொல்லி அனுப்பினேனே, மாமா."

"என்கிட்ட யாரும் சொல்லலையே, மாப்ள."

இரண்டு தலையும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. நல்லவேளை, ஓனரம்மா கதவைத் திறந்தார்.

தரையைப் பார்த்தார், என் கையில் இருந்த துணியைப் பார்த்தார். "நல்ல துணியாச்சே" என்றார். அந்தத் துணிதான் எங்களுக்கு ஒரு மணி நேர அவகாசம் வாங்கிக் கொடுத்தது. பழைய வளையத்தைத் தம்பி நகத்தால் சுரண்டி எடுத்தான், கணவர் துடைத்து மறுபடி மாட்டினார், மிச்சம் இருந்த அரை லிட்டரையும் ஊற்றினார்கள். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். ஓனரம்மா ஒரு பெரிய வெள்ளைத் தாளைக் காருக்கு அடியில் விரித்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு பொட்டு விழுந்தாலும் நாளைக்கு வண்டி இங்கே நிற்கக்கூடாது என்று சொல்லி, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் மூவரும் படியில் உட்கார்ந்தோம், நான் நடுவில். இனி பூசி மெழுகிப் பயன் இல்லை.

"தம்பி சொன்னான். நான்தான் சொல்லல" என்றேன். "உங்களைக் கிண்டல் பண்ணியிருந்தான். அதை வெட்டப் போய் இதுவும் போயிடுச்சு."

தம்பிதான் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ அந்த மழை நாள்ல ஃபோன்ல சொன்னேனே, அதுவும் போயிடுச்சா?"

எனக்கு நினைவு வந்தது. அந்த மேதாவியிடம் சொல் என்று ஆரம்பித்தான். மேதாவி என்ற சொல்லோடு நான் காதை மூடிக்கொண்டேன். சரி, சரி என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். மீதி என்ன என்று எனக்கே தெரியாது.

"அஞ்சு மாசமா மாமா ஏதாவது சொல்வார்னு பார்த்துட்டிருந்தேன் அக்கா" என்றான்.

"என்ன சொன்னான்?" என்று கணவர் என்னைக் கேட்டார். பழக்கதோஷத்தில் நானும் வாயைத் திறந்தேன். உடனே கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "நீ இரு. அவனே சொல்லட்டும்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பிரேக் பிடிச்சுது மாமா. நான்தான் ஃபோனைப் பார்த்துட்டிருந்தேன்."

கணவர் நகத்தில் இருந்த ஆயிலை வெகுநேரம் துடைத்தார். "பிடிச்சிருக்கும். ஆனா லேட்டாதான் பிடிச்சிருக்கும். மறுநாளே இறுக்கிட்டேன். உன்கிட்ட சொல்லல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதம் சமாதானம் காத்தவள் என்று பெருமைப்பட்டேன். அதில் ஐந்து மாதச் சண்டை நான் தைத்தது.

ஓனரம்மா தாளை உருவி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பியும் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வண்டி நிற்கலாம் என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு பிரேக்கையும் பார்த்துவிடலாம் என்று கணவர் தம்பியிடமே சொன்னார். தம்பி அவரிடமே சரி என்றான்.

நான் மேலே போய், க்ரீம் துணியைப் புதிதாக விரித்து அளந்தேன். ஜன்னல் வழியாக இருவர் குரலும் கேட்டது. பேச்சு என்னைப் பற்றித்தான், காது கொடுத்துக் கேட்கவே முடியாத பேச்சு. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டேன்.