ஞாயிறு யார் பாடு?

1

இந்தக் கதை பிறந்தது ஒரு சுற்றறிக்கையிலிருந்து. (உள்ளொளி, உத்வேகம் என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.) இந்த 1984ஆம் வருடம், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சிறுகதைப் போட்டி. பொருள், 'மாணவர் மனவுறுதி'. கடைசியில் ஓர் ஆசிரியரின் அறிவுரை கட்டாயமாம். பரிசு, சுவர்க் கடிகாரம். நான் பழவேற்காட்டில் தமிழாசிரியர். அறிவுரைக்கு என்னிடம் என்ன பஞ்சம்? உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'அலைகள் ஓயாத கடற்கரையில் கண்ணீர் ஓயாத ஒரு மாணவி...'

(அடித்துவிட்டேன். என் பத்தாம் வகுப்பு வேலம்மா அழுது நான் பார்த்ததே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'தலைமையாசிரியர் கருணையே வடிவானவர். அவர்...'

(கை எழுத மறுத்தது. பத்தாம் வகுப்பில் யாரோ விபரீதமாகப் பேசுவதாகக் காதில் விழுந்த மறுநாள், பிரேயரில் முக்கால் மணி நேரம் 'கோழைகளே' என்று முழங்கிவிட்டு, கடமை முடிந்தது என்று டீ குடிக்கப் போனவர் அவர். நான் கைதட்டினேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

3

சரி, நடந்ததைச் சொல்லித் தொலைக்கிறேன்.

லைட்ஹவுஸ் குப்பத்து வேலம்மா அரைப்பரீட்சையில் மூன்று பாடத்தில் தோற்றாள். நான் இருந்து இன்னா ஆவப்போவுது என்று பக்கத்து பெஞ்சு மஸூதாவிடம் சொன்னாள். மஸூதா உபதேசம் செய்யவில்லை. செத்துடலாம்னு நெனைக்கிறியா என்று நேராகக் கேட்டாள். ஆமாம் என்று பதில் வந்தது. அன்று அவளைத் தனியே விடாமல் வீடுவரை கூடப் போய், வேலம்மாவின் அம்மா செல்வம்மாளிடமும் விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் காந்தா, சுராயா இருவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு தாளுடன் என் மேஜைக்கு வந்தாள்.

திங்கள் – மஸூதா பாடு
செவ்வாய் – காந்தா பாடு
புதன் – சுராயா பாடு

அப்புறம் அதே வரிசை சனி வரைக்கும். ஞாயிறுக்கு எதிரே காலி.

நான் தஞ்சாவூர்க்காரன். (அன்றுவரை அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.) தாளைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். மூவரையும் ஆண்டு விழாப் பாட்டுப் போட்டிக்கு எழுதிக்கொண்டு, சுராயாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதே என்று கவலையும் பட்டேன்.

"பாட்டு இல்ல சார், பாடு," என்றாள் மஸூதா. "ஏரியில எந்த நாளு யாரு வலை உடணும்னு முறை வெச்சிருக்காங்களே, அந்தப் பாடு. நம்ம பாடு வந்தா நாமதான் போவணும். வேலம்மா கூட இருக்கறதுக்கு முறை போட்டுக்கினோம்."

(குறிப்பு: பாடு என்றால் துன்பம் என்றும் பொருள். வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். அகராதியே தலைக்குள் இருந்தும் எனக்கு எட்டியது பாட்டுதான்.)

ஞாயிற்றுக்கிழமை இவர்களை வீட்டிலிருந்து வெளியே விடமாட்டார்கள். செல்வம்மாள் மீன் விற்கப் போய்விடுவாள். நான் குப்பத்தில் வேலம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருக்கிறேன்; அதனால் ஞாயிறு என் பாடாக இருக்கட்டும் என்று கேட்டார்கள். எனக்கோ ஞாயிறு பொன்னேரியில் சினிமா பார்க்கும் நாள். அதைச் சொல்ல வாயெடுத்து...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறது.)

4

போட்டிக்கு ஏற்ற முடிவுகள்:

அ. வேலம்மா சாகிறாள், ஊர் திருந்துகிறது. (நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரு கடிகாரத்துக்காக அந்தப் பெண்ணை நான் கொல்ல மாட்டேன்.)

ஆ. என் அறிவுரையால் மனம் மாறி மாநிலத்தில் முதலாவதாக வருகிறாள். (தூ.)

நடந்தது வேறு. தாளில் என் பேரை எழுதிக் கொடுத்துவிட்டு ஞாயிறு போனேன். வேலம்மா கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். எனக்கு ஓர் அறிவுரையும் வாயில் வரவில்லை.

"இன்னா சார், இன்னிக்கி உங்க பாடா?" என்றாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். அந்தத் தாளில் கோடு போட்டுக் கொடுத்ததே அவள்தானாம். சிக்கு விழுந்த நூலை என் பக்கம் தள்ளினாள். சாயங்காலம் வரை சிக்கெடுத்தேன். நடுவில் தலை நிமிராமலே சொன்னாள்: "அந்த நெனப்பு டெய்லி வரதில்ல சார். வந்தா, அன்னிக்கி யாரு பாடோ அவங்கக்கிட்ட சொல்லிடறேன்."

அடுத்த சிக்கைக் கையில் எடுத்தேன்.

5

அறிவுரை இல்லாததால் இந்தக் கதை போட்டிக்குத் தகுதியற்றது. கடிகாரத்தை வேறு யாராவது மாட்டிக்கொள்ளட்டும். முடிவும் என்னிடம் இல்லை. நேற்று எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். மஸூதாவிடம் சொன்னதும், தாளை எடுத்து என் பேரை அடித்தாள்.

"பாடு காலியா இருக்கக்கூடாது சார். வேற ஆள வெச்சுட்டுப் போங்க."

வாசகரே, இவ்வளவு தூரம் சும்மா உட்கார்ந்து படித்தீர்கள். பேனா இருக்கிறதா?

ஞாயிறு – ______________ பாடு