மஞ்சள் பூசிய முதல் முடி

பாக்டீரியா போடாத வேரும் பச்சையாக மின்னியது.

கடலில் சொறிமீனை மின்னவைக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுவை, நெல்லுக்கு நன்மை செய்யும் ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்திருந்தேன். நீல ஒளி பட்டால் அது பச்சையாகத் தெரியும். வேருக்குள் எங்கே குடியிருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பாக்டீரியா போட்ட வேர் மின்ன வேண்டும், போடாத வேர் இருட்டாக இருக்க வேண்டும். என் மூன்று வருட உழைப்பு அந்த இருட்டை நம்பித்தான் நின்றது.

"எங்கயோ கலந்துருக்கும்மா," என்றார் என் ஆய்வு வழிகாட்டி பெரியநாயகசாமி. "அப்படின்னா பழைய படங்களையும் நம்ப முடியாது. உன் ஆய்வைப் பாக்குற கமிட்டி வர இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

இரண்டு நாள் பாட்டில், ஊசி, தண்ணீர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த நெல் நாற்றை மட்டும் சந்தேகப்படவில்லை. அம்மா கொடுத்த ஒரு முடி அது, கைப்பிடி அளவு நாற்றுக் கட்டு; கழுவித்தான் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மறுபடி வேரைப் பார்த்தேன். பாக்டீரியா என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இது மேலே பூசினாற்போல் இருந்தது. வெள்ளைத் துணியால் துடைத்தேன். மஞ்சள் கறை. மஞ்சளும் நீல ஒளியில் பச்சையாக மின்னும் என்பது இந்தப் படித்த கழுதைக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நாத்துல மஞ்சள் தடவுனியா?"

"ஆமா, மொத முடியாச்சே. அரைச்சு வேருல பூசித்தான் குடுத்தேன்."

"ஆராய்ச்சிக்குன்னு சொல்லித்தானே வாங்குனேன்? உன்ன யாரு பூசச் சொன்னா?"

"முப்பது வருசம் நாத்துப் பறிச்சேன் பாப்பா. மொத முடிக்கு மஞ்சள் வைக்கிறது மிராசு வீட்டம்மாதான். நாங்க தள்ளி நிக்கணும். இந்த நெலத்துக்குப் பட்டா வாங்கறதுக்குள்ள உங்கப்பா போராட்டத்துல ரெண்டு தடவ ஜெயிலுக்குப் போனாரு. இப்ப நான் வைக்கிறேன். அத உனக்குக் குடுக்கணும்னு தோணுச்சு. தப்பா?"

நாக்கு நுனியில் இருந்த வசவை விழுங்கினேன். வெட்கமாக இருந்தது.

"தப்பில்லம்மா. இன்னொரு முடி வேணும். மஞ்சள் இல்லாம."

"ரெண்டாவது முடிக்கு யாரு மஞ்சள் வைக்கிறா? வந்து எடுத்துக்க."

புது நாற்றில் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். பாக்டீரியா போட்ட வேரில் பச்சைப் புள்ளிகள். போடாத வேரில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை. பெரியநாயகசாமி சார் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "மஞ்சள் கதையையும் சேத்து எழுதும்மா," என்றார்.

கமிட்டி வந்தது, படங்களைப் பார்த்தது, ஒப்புக்கொண்டது. கிளம்பும்போது அவர்களில் ஒருவர் சன்னலோரத் தொட்டியைக் காட்டினார். பாக்டீரியா போடாத முதல் முடி நாற்றை அதில் நட்டிருந்தேன். வேர் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் புதுத் தண்டு விட்டுத் தூர் கட்டத் தொடங்கியிருந்தது.

"இது என்ன பரிசோதனை?"

"பரிசோதனை இல்ல சார். எங்க நெலத்து மொத முடி."

மூன்று வருடமாக அந்தக் கட்டடத்தில் இருந்தேன். 'எங்க நெலம்' என்று அங்கே நான் சொன்னது அதுதான் முதல் தடவை.