தவக்காலத்தில் விட்டது

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். கல்யாணமான புதிதில் இது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. நான் கத்தினால் அவரும் பதிலுக்குக் கத்துவார். போகப் போகப் புரிந்துகொண்டார். நான் கத்த ஆரம்பித்ததுமே, "இப்ப எதுக்குப் பயப்படுற?" என்று கேட்பார். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை நான் வீட்டில் கத்தாத நாளே இல்லை.

அவர் பெயர் யேசுதாசன். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிரை வைத்திருப்பது இரும்புலியூர் யுனைடெட் மேல். எங்கள் ஏரியாப் பையன்களின் ஃபுட்பால் டீம் அது, இவர் அதற்கு மேனேஜர். மேனேஜர் என்றதும் கோட்டு சூட்டு என்று எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்சிகளைத் துவைத்துக் காயப்போடுவதிலிருந்து ஸ்பான்சரின் காலைப் பிடிப்பதுவரை எல்லாம் இவர் தலையில்தான். என் வீட்டு மொட்டை மாடியில் என் புடவை காய்ந்ததைவிடப் பச்சை ஜெர்சி காய்ந்த நாட்களே அதிகம்.

அந்த டீமை இந்த மார்ச்சில் முதல் டிவிஷனிலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். விளையாடித் தோற்று இறங்கியிருந்தால் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து எழுந்திருப்பார். விளையாடாமலே இறக்கிவிட்டார்கள், அதுதான் அவருக்கு ஆறவில்லை.

கடைசி ஆட்டம் ப்ளூ கேட் என்கிற டீமோடு. டிரா செய்தாலே நாங்கள் தப்பித்துவிடுவோம். அவர்கள் ஜெயித்தே ஆக வேண்டும். மாலை நாலு மணிக்கு ஆட்டம் என்று லீக் எப்போதோ அறிவித்திருந்தது. அன்று காலை, மைதானத்தில் வேறு ஏதோ விழா இருக்கிறதென்று ஆட்டத்தை மதியத்துக்கு மாற்றி, மேனேஜர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு வரி போட்டார்கள். ப்ளூ கேட்காரர்கள் பார்த்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டினார்கள். எங்கள் மேனேஜர் பார்க்கவில்லை. பையன்கள் வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு போய் இறங்கியபோது மைதானத்தில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். ரெஃப்ரி, காத்திருக்க வேண்டிய நேரம்வரை காத்திருந்துவிட்டு, ப்ளூ கேட் ஜெயித்ததாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஸ்பான்சர் அடுத்த வாரமே கழன்றுகொண்டார். நல்லா ஆடுகிற நாலு பையன்கள் வேறு டீமுக்குப் போனார்கள். இவர் விடவில்லை. ஆட்ட நேரத்தை மாற்றினால் இரண்டு நாள் முன்பே கிளப்புக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்று லீக்கின் சட்டத்திலேயே இருக்கிறது. எங்களைத் திரும்ப முதல் டிவிஷனில் சேருங்கள், இல்லையென்றால் நஷ்டஈடு கொடுங்கள் என்று மனு போட்டார். சட்டம் எங்கள் பக்கம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் எல்லோரும் இன்னொன்றும் கேட்டார்கள். "அது சரி சார், மெசேஜை நீங்க ஏன் பாக்கல?"

ஏன் பார்க்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

எனக்கு இதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டும் ஐந்தாவது மாதத்தைத் தாண்டவில்லை. மூன்றாவதாகத் தங்கியது இந்த ஜனவரியில் தெரிந்தது. பிப்ரவரியில் முதல் ஸ்கேன். அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானே தாம்பரத்தில் ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பதில் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று சாவகாசமாகக் கேட்டார்.

நான் கத்திய கத்தலில் மாடிவீட்டு அக்கா இறங்கி வந்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு வந்தபிறகுதான் இவர் மெல்லச் சொன்னார். தவக்காலத்துக்கு வாட்ஸப்பை விட்டிருக்கிறாராம். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நோன்பு தொடங்குகிற சாம்பல் புதனன்று, கோயிலில் வைத்து வேண்டிக்கொண்டாராம். ஈஸ்டர் வரை திறப்பதில்லை, சத்தத்தையும் அணைத்தாயிற்று. யாராவது கேட்டால், "கூப்பிடுங்க, பேசிக்கலாம்" என்று சொல்லிவிடுகிறாராம்.

அவர் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. எங்கள் பக்கத்திலும் லெந்து என்று இதே நோன்பு நாட்கள் உண்டு, ஆனால் நான் இதற்கெல்லாம் சிரிக்கிற கட்சி. "ஊர்ல எல்லாரும் கறியை விடுவாங்க. நீங்க குட்மார்னிங் ரோஜாவ விட்டீங்களாக்கும்" என்றேன். அவர் தினமும் காலையில் நூறு பேருக்கு ரோஜாப்பூ அனுப்புகிறவர்.

"கறி எனக்குப் பிடிக்காது ஹெப்சி. பிடிச்சதத்தான விடணும்?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாத. மறைவா இருந்தாத்தான் நோன்பு. குழந்தை கைக்கு வர்ற வரைக்கும் வெளிய சொல்ல மாட்டேன்னும் சேர்த்து வேண்டியிருக்கேன்."

அதற்குமேல் எனக்குக் கிண்டல் வரவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் மதியம் தசரதன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ப்ளூ கேட் டீமின் ஓனர். மேடவாக்கம் பக்கம் பிளாட் போட்டு விற்கிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் ஒரு பை நிறைய மாதுளம்பழம். கூட வந்த இரண்டு பேர் உள்ளே வராமல் கேட்டிலேயே நின்றுகொண்டார்கள். நான் வீட்டில் தனியாக இருந்தேன்.

"இன்னாம்மா, ஒடம்பு எப்டி கீது? எத்தினி மாசம்?" என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆறு" என்றேன். "நல்லபடியா பெத்துக்கணும். நம்ம வூட்லயும் தங்கச்சிங்க கீறாங்க" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பிகிட்ட சொல்லி அந்த மனுவ வாபஸ் வாங்கிக்கச் சொல்லும்மா. கீழ் டிவிஷன்ல ஒரு வருசம் ஆடிட்டு மேல வரட்டும், இன்னா கொறஞ்சிடப் போவுது? இல்லாங்காட்டி, அவரு துட்டு வாங்கிகினு வேணும்னே லேட்டா வந்தாருன்னு நாங்க சொல்ற மாதிரி ஆயிடும். மெசேஜ் அவரு போனுக்குப் போயிருக்குது. மேலயே தெரியும், தொறக்காமயே படிச்சிக்கலாம். தெனம் ரோஜாப்பூ போடுற ஆளு அந்த ஒரு மாசம் மட்டும் ஏன் வாயத் தொறக்கல? கேப்பாங்கல்ல? அவருக்கும் தடை, ஆடுற பசங்களுக்கும் தடை. பாவம், சின்னப் பசங்க."

போகும்போது, "பழம் சாப்டும்மா, ரத்தம் ஊறும்" என்றார். கேட்டில் நின்றவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடைப் பார்த்ததும் கதவை உள்பக்கம் தாழ் போட்டேன். பழத்தை அப்படியே குப்பையில் கொட்டினேன். பிறகு குப்பைக்கூடையைக் கொண்டுபோய்த் தெருமுனையில் கொட்டிவிட்டு வந்தேன். அன்று இவர் வேலையிலிருந்து வந்ததும் மனுவை வாபஸ் வாங்கச் சொல்லிக் கத்தினேன்.

"வாபஸ் வாங்கினா ஆட்டத்த வித்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பசங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார்.

"அப்ப வேண்டுதலச் சொல்லிடுங்க."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "மூணாவது தடவை ஹெப்சி" என்றார்.

ஜூலையில் விசாரணை வைத்தார்கள். லீக்கின் ஆபீஸ் கிண்டியில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. வர வேண்டாம் என்றார், கேட்காமல் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் எங்கள் டீம் கேப்டன் ஸ்டெபின். போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிற பையன். தடை என்று ஒரு வரி எழுதினால் அந்த வேலை போய்விடும். "அக்கா, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டான். எனக்கு அவன்மேல் எரிந்து விழலாம்போல இருந்தது.

விசாரித்தவர் பத்ரிநாராயணன், ஓய்வுபெற்ற நீதிபதி. மெயில் அனுப்பாதது லீக்கின் தப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் தசரதனின் வக்கீல் எழுந்து, தசரதன் என் வீட்டுக்கு வந்து சொன்னதையே கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னார். மெசேஜ் போய்ச் சேர்ந்திருக்கிறது. படித்துவிட்டுத்தான் திறக்காமல் விட்டிருக்கிறார். விலை பேசப்பட்ட ஆட்டம் இது.

"மிஸ்டர் யேசுதாசன், ஏன் பார்க்கலை? காரணம் சொல்லுங்கோ" என்றார் நீதிபதி.

இவர் எழுந்து நின்றார். "பாக்கல சார்" என்றார்.

"அதான் ஏன்னு கேக்கறேன்."

பதில் இல்லை. முதுகுப் பக்கம் இவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. நீதிபதி மூன்றாவது முறையும் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார். "பதில் சொல்ல மறுக்கிறார்னு எழுதிக்கறேன். அப்புறம் உங்க மேலயும் பிளேயர்ஸ் மேலயும் தனியா என்கொயரி வைக்க வேண்டி வரும்."

ஸ்டெபின் தலையைக் குனிந்துகொண்டான். நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "ஹெப்சி, வேணாம்" என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"சார், அவர் வாட்ஸப்பையே தொடல" என்றேன். என் குரல் யாருடையதோபோல வந்தது. "தவக்காலத்துக்கு விட்டிருந்தார். எங்க குழந்தை தங்கணும்னு வேண்டிக்கிட்டார். எங்களுக்கு ரெண்டு போயிடுச்சு, சார். வெளிய சொல்லக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டதால வாயத் திறக்க மாட்டேங்கிறார்."

வக்கீல் சிரித்தார். "சென்டிமென்ட் ஆதாரம் ஆகாதும்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லவேளை வந்தது. என் போனைத் திறந்து, பிப்ரவரியில் நான் அனுப்பிய ஸ்கேன் படத்தைத் தேடி எடுத்து, நேராக நடந்துபோய் நீதிபதியின் மேஜையில் வைத்தேன். "இது எங்க முதல் ஸ்கேன். அனுப்பின தேதி இது. அவர் திறந்து பார்த்த தேதி இது, ஈஸ்டர் காலைல. தன் புள்ள படத்தையே அத்தனை நாள் பார்க்காம இருந்தவர், உங்க மேட்ச் டைமையா பார்த்திருப்பார்?"

நீதிபதி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு போனை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். தீர்ப்பை மாலைக்குள் சொல்வதாகச் சொன்னார். தசரதன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

படி இறங்கும்போதுதான் கவனித்தேன். வயிற்றில் அசைவில்லை.

காலையில் உதைத்தது ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அவரிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவரே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். ஓடிப்போய் ஒரு ரோஸ்மில்க் வாங்கிவந்தார். இனிப்பாகக் குடித்தால் குழந்தை அசையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடித்தேன். ஒன்றும் இல்லை.

தாம்பரம் வண்டியில் ஒருத்தர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். இவர் என் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்மேல் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறார் என்று தெரிந்தது.

பரங்கிமலை வந்தது. பழவந்தாங்கல் வந்தது. இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன், வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். நான்தான் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. வேண்டுதலுக்கெல்லாம் சிரிக்கிறவள் நான். என் வாயால் சொன்னதற்காக ஒரு குழந்தை போகும் என்று நம்புகிறவளே இல்லை. ஆனால் மீனம்பாக்கத்தில் நம்பினேன். முழுசாக நம்பினேன்.

அவர் போன் அடித்தது. ஸ்டெபின் பெயர். அடித்து நின்று மறுபடி அடித்தது. தீர்ப்பு வந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவர், "போன் அடிக்குது சார்" என்றார். இவர் காதில் விழவே இல்லை.

திரிசூலம் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு நானும் மனசுக்குள் ஒன்று சொன்னேன். எனக்குப் பிடித்தது எதுவோ, எது இல்லாமல் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாதோ, அதை விட்டுவிடுகிறேன் என்று.

பல்லாவரத்தில் ஒன்றும் இல்லை. குரோம்பேட்டையில் கூட்டம் இறங்கி ஏறியது. வண்டி கிளம்பி ஒரு குலுக்குக் குலுக்கியபோது, விலா எலும்புக்குக் கீழே ஓங்கி ஓர் உதை விழுந்தது. நான் "அம்மா" என்றேன். அவர் அப்படியே என் காலடியில், வண்டியின் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். அவர் கைக்கும் ஓர் உதை கிடைத்தது. அத்தனை பேர் முன்னாலும் அந்த மனிதர் விக்கி விக்கி அழுதார்.

தாம்பரத்தில் இறங்கும்போது, அவசரமாக ஏற வந்த ஒருவன் முழங்கையால் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போனான். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

மனுவில் ஜெயித்துவிட்டோம். டீம் முதல் டிவிஷனிலேயே இருக்கிறது, ஸ்பான்சர் போன நஷ்டத்தையும் லீக்கே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பு. பச்சை ஜெர்சிகள் மறுபடி மொட்டை மாடிக்கு வந்துவிட்டன. நேற்று இவர் அவற்றை, நான் காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் ஈரத்தோடு போட்டதில், விரிப்பெல்லாம் பச்சை பச்சையாகச் சாயம் இறங்கிவிட்டது. இவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக என் முன்னால் நின்றார். நான் அதை வாங்கி வாளியில் ஊறவைத்தேன்.

"என்ன ஹெப்சி, இப்பல்லாம் நீ கத்துறதே இல்ல?" என்றார். "பயமெல்லாம் போயிடுச்சா?"

பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எனக்குத் தொண்டை வரைக்கும் பயம் நிற்கிறது.

"ஆமாங்க, போயிடுச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, விரிப்பைக் கசக்க ஆரம்பித்தேன்.