மூன்று விநாடி நில்லுங்கள்

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பேங்கில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடருக்குச் சிரிப்பு சேர்ப்பது என் வேலை. படப்பிடிப்பை இருநூறு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் சிரிக்காத இடங்களில், பதிவு செய்து வைத்திருக்கும் சிரிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டுவேன்.

அப்பாவாக நடித்த லோர்ன் பிக்கெட்டுக்கு ஒரு காது போய்விட்டது, இன்னொன்று போய்க்கொண்டிருந்தது. எதிரே இருப்பவர்களின் உதட்டைப் பார்த்துச் சமாளித்தார். ஆறு மாதமாக அவருக்கு யாருமே சிரிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"போன வாரம் டிவியில சத்தத்தக் கூட்டி வச்சுப் பாத்தேன், வெர்ன். நல்லாச் சிரிக்கறாங்க. அது ஜனங்களா, உன் பெட்டியா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"பெட்டின்னா இன்னிக்கே புரொட்யூசர்கிட்ட சொல்லிட்டு நானே கெளம்பிடறேன். நாலு பேர் பாக்கத் துரத்தற வரைக்கும் இருக்க மாட்டேன். உண்மையச் சொல்லுய்யா."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜனங்கதான். அவங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த வசனத்துக்குத் தாவிடறீங்க. மூணு விநாடி நில்லுங்க."

"என் பொண்டாட்டிகூட இப்படி நல்ல சேதி சொன்னதில்லடா," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு. கதைப்படி, மகள் செய்த கேக்கை வீடே பிரமாதம் என்று பொய் சொல்கிறது. கடைசியில் அப்பா எழுந்து நிற்கிறார்.

"இந்த வீட்ல இனிமே பொய்யே கெடையாது. என் பல்லு இன்னும் அந்தக் கேக்குலதான் இருக்கு."

லோர்ன் நின்றார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்பதுபோல் கையை வேறு உயர்த்தினார். முன்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

தயாரிப்பாளர் ரோடா ஒலிபெருக்கியில் கத்தினாள். "யாருக்குய்யா நிக்கற, லோர்ன்? பஸ்ஸுக்கா?"

அதற்கு இருநூறு பேரும் சிரித்தார்கள்.

லோர்ன் திறந்த வாய்களை மட்டும் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் கண்ணாடி அறையைப் பார்த்து மூன்று விரல்களைக் காட்டினார். நான் கையசைத்தேன்.

திங்கட்கிழமை ஸ்டூடியோ வாசல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காவலாளி உள்ளே விடவில்லை. லோர்னின் கார் வழியை மறித்து நிற்க, பின்னால் வந்த கார்கள் ஹார்ன் அடித்தன. கடைசியில் இரண்டு பேர் அதைத் தள்ளி ஓரமாக விட்டார்கள்.

நான் உள்ளே இருந்தேன். அந்த மூன்று விநாடிக்கும் சிரிப்பை நிரப்பச் சொல்லியிருந்தாள் ரோடா. நிரப்பினேன்.