நெருங்கிய உறவு

நெற்றித் தையல் தெரியாதபடி தங்கையின் முடியை ஒருபக்கமாக வாரிவிட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. மாமாவின் உத்தரவு அது.

"இவ மாடிப்படியில விழுந்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வாயைத் தொறந்து மானத்தை வாங்காதே."

தங்கையின் புருஷன்காரன் லாக்கப்பில் இருப்பது தெருவுக்கே தெரியும். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பெயர் மானமாம்.

அப்போதுதான் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் பின்வாசல் வழியாகத் தயங்கித் தயங்கி வந்தார்.

"குடும்ப வன்முறைச் சட்டம் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கிற ஆணையத்துலருந்து வர்றேன்மா. இந்த நேரத்துல வந்ததுக்கு மன்னிக்கணும். இப்படி ஒரு சாவுன்னா உடனே வந்து விசாரிக்கணும்னு விதி."

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள். "நல்லதாப் போச்சு. உங்க உதவி எண்ணுக்கு இவ எத்தனை தடவை கூப்பிட்டா? யாராவது வந்து பார்த்தீங்களா?"

'பாத்துக்கறோம்னு சொன்னாங்கக்கா' என்று தங்கை நிம்மதியாகச் சொன்னது இன்னும் காதில் இருந்தது. என்னத்தைப் பார்த்துக் கிழித்தார்கள் என்று தெரியாமல் இவளை அனுப்பிவைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை.

"அது ரகசியம்மா. அவங்க சம்மதம் இல்லாம சொல்ல முடியாது."

"கேளுங்க. இதோ படுத்திருக்கா."

அதிகாரி தரையைப் பார்த்தார். "இறந்துட்டாங்கன்னா, சட்டப்படி நெருங்கிய உறவு எழுதிக் கேட்கலாம்."

"நான் கூடப் பொறந்தவ."

"கல்யாணம் ஆனவங்களுக்கு..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

"புருஷன்தான்மா."

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கொன்றவன் கேட்டால் கொடுப்பார்கள். தூக்கி வளர்த்தவள் கேட்டால் ரகசியம்.

"தப்புதான்மா. மாத்தணும்னு நாங்களே எழுதிக் குடுத்திருக்கோம்."

"அதையாவது நான் படிக்கலாமா?"

"அது இன்னும் வெளியிடலை."

சிரிப்பு வந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "உள் ரூம்ல உட்கார்ந்து தெரிஞ்சதைச் சொல்லுங்க, எழுதிக்கறேன். பேர் வராது. ஒரு வார்த்தை வெளியே போகாது."

"வெளியே போகாது?"

"சத்தியமா போகாதும்மா."

அக்கா எழுந்து அவரைத் தாண்டி முன்வாசலுக்குப் போனாள். பந்தலில் சனம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷமாக பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவள். நெரிசலிலும் கடைசி சீட்டு வரை கேட்கும் குரல்.

"என் தங்கச்சி படியில விழல. புருஷன் அடிச்சுக் கொன்னான். கவர்மென்டுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கா. வந்தாங்களா இல்லையான்னு கேட்டா, சொல்ல மாட்டாங்களாம். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன், எல்லாரும் கேளுங்க."

மாமா பதறி எழுந்தார். "ஏய், உள்ள போ!"

"உக்காருங்க மாமா. உங்ககிட்டயும்தான் வந்து அழுதா. அதையும் சொல்லத்தான் போறேன்."

மாமா உட்கார்ந்துவிட்டார். வாசல்படியில் நின்ற அதிகாரி பேனாவைத் திறந்தார், எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் மூடினார்.

"மொத தடவை கையை ஒடிச்சப்போ..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.