மலையேறிய வகுப்பு

இருபத்தோரு பிள்ளைகளைப் பூட்டைத் திறந்து வெளியே விட்டது நான்தான் என்று விசாரணைத் தாளில் எழுதியிருக்கிறார்கள். அது பாதி உண்மை. திறந்துவிட்டேன். பிறகு வெளியிலிருந்து பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நானும் அவர்களோடு போனேன். இந்த இரண்டாவது பாதியை எழுதுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். எழுதவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

என் பெயர் லோரெதானா. ரோமின் வடக்கே துஃபெல்லோ பேட்டையில் இருக்கும் அந்தப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக மணி அடிக்கிறேன், தரை துடைக்கிறேன், வாசலைக் காக்கிறேன். நடைபாதையில் என் மேசைக்கு நேர் எதிரே இரண்டாம் எஃப் வகுப்பு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். கதவைச் சாத்தினாலும் உள்ளே பேசுவது எனக்குக் கேட்கும்.

அந்த வகுப்பில் லத்தீன் நேரம் என்றால் பல் பிடுங்கப்போகும் அமைதி. இல்லாவிட்டால் சந்தைக் கூச்சல். ஒரே வருடத்தில் மூன்று ஆசிரியர்கள் வந்து ஓடிப்போனார்கள். நான்காவதாக ஒரு செப்டம்பர் மாதம் வந்தவள் ஓர்னெல்லா. முப்பத்து நான்கு வயது, நிரந்தர வேலை இல்லை, வருடத்துக்கு ஒரு பள்ளி என்று அலைகிறவள். முதல் நாளே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "உங்க தெருவுல சண்டை வந்தா என்ன சொல்லித் திட்டுவீங்க?" என்று கேட்டாள்.

யிலேனியா எழுந்தாள். அவளுடைய அப்பா பேட்டைச் சந்தையில் பழக்கடை வைத்திருப்பவர். அவளும் அந்தத் தொண்டையோடு பிறந்தவள். "நெசமாவே சொல்லலாமா டீச்சர்?"

"சொல்லு. ஆனா உங்கம்மா காதுல விழக்கூடாததை மட்டும் விட்டுடு."

"அப்ப சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மிச்சமிருந்ததில் கழுதை, திருடன், தண்டச்சோறு எல்லாம் பலகைக்கு வந்தன. பக்கத்திலேயே பழைய ரோமானியர்கள் அதே வசவை எப்படிச் சொன்னார்கள் என்று ஓர்னெல்லா எழுதினாள்.

"ஆனா ஒண்ணு. 'அசினுஸ்'னா கழுதை. அப்படியே கத்தினா ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான். கூப்பிட்டுத் திட்டணும்னா 'அசினே!' விளிவேற்றுமை தெரியாதவனுக்குத் திட்டவே தகுதி கிடையாது."

அன்று இடைவேளையில் நடைபாதை முழுக்க விளிவேற்றுமைதான்.

அப்படி ஆரம்பித்தது. சுவர் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டி, ரோமானியர்கள் தெருச்சுவரில் தேர்தலுக்குக் கிறுக்கியதுபோல இவர்களும் லத்தீனில் கிறுக்கினார்கள். 'ராஸ்வானுக்கு ஓட்டுப் போடுங்கள், காலையில் எழ முடியாதவர் சங்கம் கேட்டுக்கொள்கிறது' என்று ஒன்று. எனக்குப் புரியாது. நான் துடைப்பத்தோடு போய் நின்றால் யாராவது ஒருவர் படித்துச் சொல்வார்கள். ராஸ்வான் பதினொரு வயதில் ருமேனியாவிலிருந்து வந்த பையன். அவன் பேசும் இத்தாலிய மொழியைக் கேட்டு மற்றவர்கள் இளிப்பார்கள், அதனால் வாயே திறக்கமாட்டான். ஒருநாள் ஓர்னெல்லா "'ஆல்புஸ்'னா என்ன?" என்று கேட்டபோது எல்லாரும் முழித்தார்கள். ராஸ்வான் மெதுவாக, "வெள்ளை. எங்க பாஷையில 'ஆல்ப்'னுதான் சொல்வோம்" என்றான்.

ஓர்னெல்லா பலகையைத் தட்டினாள். "பாத்தீங்களா? ரோம்ல பொறந்த இருபது பேருக்குத் தெரியல. இவன் வீட்டுல தினமும் அதைப் பேசிக்கிட்டிருக்கான்."

அதற்குப் பிறகு அவனைப் பார்த்து யாரும் இளிக்கவில்லை. சந்தேகம் வந்தால் அவன் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள்.

ஜனவரியில் அவள் மலைக்கதையைச் சொன்னாள். ரோமில் சாமானிய மக்கள் கடனிலும் சண்டையிலும் நசுங்கி, ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு ஊரைவிட்டு வெளியேறி மலையில் போய் உட்கார்ந்தார்களாம். கத்தி எடுக்கவில்லை, தீ வைக்கவில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். ஊர் ஸ்தம்பித்துப்போய், மேல்குடியினர் இறங்கி வந்து பேசினார்கள். சாமானியருக்கென்று பிரதிநிதிகள் கிடைத்தது அப்படித்தான். அந்தப் பிரதிநிதி 'வேதோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் மேல்குடியின் உத்தரவு செல்லாது. நான் தடுக்கிறேன் என்று அர்த்தம். இன்றைக்கும் செய்தியில் வீட்டோ வீட்டோ என்று அடிபடுகிறதே, அதே வார்த்தை.

"எந்த மலை டீச்சர்?" என்று யிலேனியா கேட்டாள்.

"மோந்தே சாக்ரோ. இங்கிருந்து நடந்தே போகலாம். நீங்க போய் சிகரெட் பிடிக்கிற இடம்."

தங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் புல்மேடு பாடப்புத்தகத்தில் இருக்கும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை. நானும்தான்.

அன்றே யிலேனியாவைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு 'வேதோ' அவளுக்கு உண்டு. அவள் சொன்னால் வீட்டுப்பாடம் ரத்து. ஓர்னெல்லா ஒரு தடவைகூட மீறவில்லை. ஆனால் ஏன் தடுக்கிறேன் என்பதை லத்தீனில் மூன்று வாக்கியம் சொல்லவேண்டும். அதைத் தயார்செய்ய வீட்டுப்பாடத்தைவிட அதிக நேரமானது. பிள்ளைகளுக்கு அது உறைக்க ஒரு மாதம் பிடித்தது.

பிப்ரவரியில் தலைமையாசிரியர் பெல்லகாம்பா வகுப்புக்குள் நுழைந்தார். எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு அழகுக்கால் என்று பொருள். மனிதர் காலையே தரையில் ஊன்றாமல் பள்ளியை நடத்துகிறவர். சுவரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது என்ன பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா? இந்தக் கிறுக்கலை இன்னிக்கே கிழிச்செடுங்க."

யிலேனியா எழுந்து நின்று, "வேதோ!" என்றாள். அதோடு நிற்காமல், மூன்று வாக்கியத்தையும் சொல்லி முடித்தாள்.

அவர் இளவயதில் லத்தீனில் பரிசு வாங்கியவர். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது. அதனால்தான் கோபம் இரட்டிப்பானது.

மறுவாரம் அவருக்குக் காபி கொண்டுபோனபோது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை. நான் மேசை நாற்காலி மாதிரிதானே. "இந்தப் பேட்டைப் பிள்ளைங்களுக்கு லத்தீன் எதுக்குங்க? கடையில தக்காளி எடைபோடவா? லத்தீன் பிரிவை மூடிட்டு, இந்த வகுப்பைப் பிரிச்சு வேற வகுப்புகள்ல போட்டுடலாம்."

காபியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, லத்தீன் இருக்கிற பள்ளியெல்லாம் இந்தப் பெண்ணுக்கு ஒத்துவராது, தையல் பள்ளியில் சேருங்கள் என்று சொன்னாள். அம்மா நன்றி சொல்லிவிட்டு வந்தாள். நன்றி சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்ச்சில் அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியது. இரண்டாம் எஃப் ஜூனோடு கலைகிறது. பெற்றோர் சிலர் கடிதம் எழுதினார்கள். பதில் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், முதல் பாட ஆசிரியர் இன்னும் வந்திருக்கவில்லை. இரண்டாம் எஃப் கதவு திறந்தது. இருபத்தோரு பேரும் பையை மாட்டிக்கொண்டு வரிசையாக என் முன்னால் வந்து நின்றார்கள். சத்தமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"லோரெ, வாசலைத் திற" என்றாள் யிலேனியா.

"எங்கடி போறீங்க?"

"மலைக்கு."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை அவங்களுக்கு லீவு. அதனாலதான் இன்னிக்கு. பழி அவங்க தலையில விழக்கூடாது."

"என் தலையில விழலாமா?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. பின்னாலிருந்து ராஸ்வான், "நீ திறக்க வேணாம் லோரெ. நாங்க ஜன்னல் வழியா குதிச்சுக்கறோம். உனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு" என்றான்.

பதினெட்டு வயதாகாத பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் வெளியே விடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கீழே சிமெண்டுத் தரை என்பதும் தெரியும். தக்காளி எடைபோடவா என்ற குரலும் காதில் இருந்தது.

"குதிச்சு எவனாவது காலை உடைச்சா நான்தான் துடைக்கணும்" என்று சொல்லிச் சாவியை எடுத்தேன். "ரெண்டு ரெண்டு பேரா நடங்க. ரோட்டைத் தாண்டும்போது நான் சொன்னாத்தான் தாண்டணும். எவனாவது ஓடினான், அசினேதான்!"

அவர்கள் கைதட்டினார்கள்.

செம்பியோனே சதுக்கத்தைத் தாண்டும்போது காபிக்கடை வாசலில் நின்ற கிழவர்கள், "வேலைநிறுத்தமா?" என்று கேட்டார்கள். "ஆமா, ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷமா!" என்று யிலேனியா கத்தினாள். மலை என்பது பெயருக்குத்தான். கொஞ்சம் மேடு, பைன் மரங்கள், கீழே ஆனியேனே ஆறும் பழைய பாலமும். ஈரப்புல்லில் கோட்டுகளை விரித்து உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பள்ளிக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். "இரண்டாம் எஃப் எல்லாரும் பத்திரமா இருக்காங்க. மோந்தே சாக்ரோ மேல. நானும்தான்."

அரைமணி நேரத்தில் பெல்லகாம்பா காரில் வந்து இறங்கினார். கழுத்துவரை சிவந்திருந்தார். இருந்தாலும் படித்த மனிதர் இல்லையா, கத்தாமல் கதை சொல்ல ஆரம்பித்தார். அன்று மலைக்குப் பேசவந்த மேல்குடிக்காரர் சொன்னதாகப் பழங்கதை ஒன்று உண்டு. கையும் காலும் பல்லும் வயிற்றோடு கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்தின, கடைசியில் உடம்பு முழுக்க வாடிப்போனது என்று.

"அந்த மாதிரிதான் பிள்ளைங்களா, பள்ளிக்கூடமும் ஒரு உடம்பு…"

"தெரியும் சார், டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள் யிலேனியா. "அதுல வயிறு நீங்க. கால் நாங்க. கால் நடந்து இங்க வந்துடுச்சு. உங்க பேருலயே கால் இருக்கு, நீங்க எங்க பக்கம் வந்திருக்கணும்."

புல்வெளியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஓர்னெல்லாவுக்குத் தொலைபேசி செய்து, உடனே வந்து உங்கள் மாணவர்களை இறக்குங்கள் என்றார்.

ஓர்னெல்லா தலை வாராமல், ஸ்கூட்டரில் வந்தாள். மேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவள் கண் நிறைந்ததை நான் பார்த்தேன்.

"இவங்களைக் கீழ வரச் சொல்லுங்க. இது உத்தரவு" என்றார் அவர்.

அவளுக்கு நிரந்தர வேலை இல்லை. அவர் எழுதும் ஒரு வரி அடுத்த வருடம் அவளைத் தெருவில் நிறுத்தலாம்.

"எனக்கு இன்னிக்கு லீவு சார்" என்றாள். "உத்தரவு திங்கக்கிழமை குடுங்க. இப்ப நான் இந்த ஊர்க்காரி, அவ்வளவுதான்." பிறகு மேடேறி வந்து என் பக்கத்தில் ஈரப்புல்லில் உட்கார்ந்தாள்.

செய்தி பேட்டைக்குப் பரவியது. யிலேனியாவின் அப்பா கடையை மூடிவிட்டு ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்தார். "என் பொண்ணு கடையில நின்னு லத்தீன்ல கூவுறா சார்! ஜனம் நின்னு கேக்குது. அதை நிறுத்தவா பாக்கறீங்க?" என்று தலைமையாசிரியர் கையிலேயே இரண்டு ஆரஞ்சைத் திணித்தார். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

மதியம் ஆனது. மழை தூறியது. யாரும் எழவில்லை. யிலேனியா ஒரு தாளை நீட்டினாள். நிபந்தனை இரண்டுதான். வகுப்பைக் கலைக்கக்கூடாது, படித்து முடிக்கும்வரை லத்தீன் இருக்கவேண்டும். முழுவதும் லத்தீனில் எழுதியிருந்தார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படித்தார். முதல் வரியிலேயே உதடு பிதுங்கியது.

"இங்க 'மாணவர்களை'ன்னு எழுதியிருக்கீங்க. 'மாணவர்களுக்கு'ன்னு வரணும். வேற்றுமை தப்பு."

"திருத்துங்க சார்" என்றான் ராஸ்வான், பேனாவை நீட்டி.

ஆரஞ்சைக் கோட்டுப் பையில் திணித்துவிட்டுத் திருத்தினார். நான்காவது வரியில் இன்னொன்று. ஆறாவது வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "இதை யார் எழுதினது? நல்லா வந்திருக்கு" என்றார். ராஸ்வான் கை தூக்கினான். அவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்பது வருடத்துக்கு முன்பு அவரும் இப்படி ஒரு பையனாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அதற்காக அவர்மேல் இரக்கம் வந்ததா என்றால், இல்லை. பையன்கள் வளர்ந்து என்ன ஆகிறார்கள் என்பதற்கு அவர்களேதான் பொறுப்பு.

"கையெழுத்து சார்" என்றாள் யிலேனியா.

"இதெல்லாம் சட்டப்படி செல்லாது."

"பரவால்ல. வாசல்ல ஒட்டிப் படிச்சுக் காட்டினா பேட்டை முழுக்கத் தெரிஞ்சிடும்."

மழை வலுத்தது. அவர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் இறங்கினோம்.

வகுப்பு கலையவில்லை. அடுத்த வருடத்துக்கு லத்தீன் பிரிவில் சேரப் பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள். யிலேனியா கணக்கில் தோற்று, கோடையில் மறுபடி எழுதித் தேறினாள். எனக்கு ஐந்து நாள் பணி இடைநீக்கம். அந்த ஐந்து நாளும் இரண்டாம் எஃப் பிள்ளைகள் தங்கள் வகுப்பைத் தாங்களே பெருக்கினார்கள், வேறு யாரையும் உள்ளே விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஓர்னெல்லாவுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. செப்டம்பரில் அவளைக் கடலோரம் ஓஸ்தியாவில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் மாலை என்னைக் கூப்பிட்டாள். அங்கே இருக்கிற தலைமையாசிரியை அவளுடைய கோப்பைப் புரட்டிவிட்டு, மலை விவகாரத்தில் இருந்தது நீங்கள்தானா என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்ன?"

"நான்தான்னு சொன்னேன். எந்த வகுப்பு ரொம்ப மோசமோ அதைக் குடுங்கன்னும் சொன்னேன்."

"குடுத்தாங்களா?"

"ரெண்டு குடுத்திருக்காங்க லோரெதானா" என்றாள். பின்னால் அலைச்சத்தமும் பேருந்தின் இரைச்சலும் கேட்டன. அவளுக்கு வண்டி வந்துவிட்டது போல, சட்டென்று வைத்துவிட்டாள்.